கூனஞ்சோலை சபையின் ஒன்பதாவது உறுப்பினர்

கூனஞ்சோலை வட்டாரப் பாதுகாப்பு சபையின் முதல் கூட்டம் 1958ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஏழாம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் காரமடையில் ஒரு சத்திரத்தின் முன்கூடத்தில் கூடியபோது, ஒன்பதாவது உறுப்பினரான காடு சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. மற்ற எட்டுப் பேரில் இரண்டு பேர் பத்து நிமிஷம் தாமதம். சபைக்கு யார் யார் உறுப்பினர் என்று மேலிருந்து வந்த ஆங்கில உத்தரவில் ஒன்பதாவதாக ‘ஃபாரஸ்ட் ஆபீசர்’ என்று இருந்திருக்க வேண்டும். தட்டச்சு செய்தவர் எந்த யோசனையில் இருந்தாரோ, ‘ஆபீசர்’ விழுந்துபோய் ‘ஃபாரஸ்ட்’ மட்டும் நின்றது. சபையின் செயலாளர் அழகிரிசாமி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருஷம் பிள்ளைகளின் பிழையைத் திருத்தியவர், அரசாங்கத்தின் பிழையைத் திருத்தத் தமக்கு அதிகாரமில்லை என்பதில் உறுதியாக இருந்தார். மற்றவர்களுக்கு அனுப்பியதுபோலவே ஒன்பதாவது உறுப்பினருக்கும் ஏழு நாள் முன்னதாகக் கூட்ட அறிவிப்பு அனுப்பினார். தபால்காரர் அதைக் கொண்டுபோய்ச் சோலையின் கிழக்கு ஓரத்தில் ஒரு வேங்கை மரப் பொந்தில் செருகிவிட்டு, கொடுத்தாயிற்று என்று எழுதிக்கொண்டு வந்தார்.

ஆயிரத்து இருநூறு ஏக்கர் காடு நாற்பதடிக்கு இருபத்தைந்தடிக் கூடத்தில் எப்படி அடங்கியது என்று பிற்காலத்தில் வெளியூர்க்காரர்கள் கேட்டதுண்டு. அடங்கியது. கூடம் பெரிதாகவும் இல்லை, காடு சிறுத்துப்போகவும் இல்லை. அதற்கென்று போட்டிருந்த நாற்காலியைச் சுற்றி முதலில் ஈர மண்ணின் வாசனை வந்தது, அப்புறம் நிழல், அப்புறம் மூங்கிலும் வேங்கையும் நாவலும், அவற்றுக்குப் பின்னால் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போகிற மலைச்சரிவும். சில்வண்டு இரைச்சலில் உறுப்பினர்கள் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதே நேரத்தில் காரமடைக்கு மேற்கே ஒன்பது மைலில், கூனஞ்சோலை இருந்த மலை மழித்த தலையாக வெயிலில் கிடந்ததை மாடு மேய்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்தது என்று அழகிரிசாமி எழுதி மை ஒற்றியதும் காடு கூடத்தில் இல்லை, மலையில் இருந்தது. ஓர் இருவாச்சிப் பறவை மட்டும் கவனிக்காமல் உத்தரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டது. அது சாயங்காலம் தானாகப் பறந்து போயிற்று.

அந்த நேரம் காட்டுக்குள் இருந்தவர்களும் காட்டோடு வந்துவிட்டார்கள். தேனெடுக்கப் போன இரண்டு பேரும் சுள்ளி பொறுக்கிய ஒரு பெண்ணும் மரங்களுக்கிடையிலிருந்து எட்டிப் பார்த்து, சலவை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களைக் கண்டு பின்வாங்கினார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் சபைத் தலைவர் வரதராஜுலுவுக்கு முதல் தீர்மானம் தோன்றியது. இனி யாரும் கூனஞ்சோலையிலிருந்து ஒரு குச்சியோ ஓர் இலையோ எடுத்துப்போகக் கூடாது என்பது அது. ஏழு பேர் ஆமோதித்துக் கையெழுத்திட்டார்கள். ஒன்பதாவது உறுப்பினரின் பெயருக்கு நேரே ‘கருத்துத் தெரிவிக்கவில்லை’ என்று அழகிரிசாமி எழுதினார்.

எட்டாவது உறுப்பினர் மாரியாத்தாள். சோலைக்குள் போய்ப் பிழைக்கிறவர்களில் ஒருவர் சபையில் இருக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. தலைவர் வரதராஜுலு தம் பண்ணையைச் சேர்ந்த ஒருத்தியாகவும், வாய் திறக்காத ஒருத்தியாகவும் பார்த்து அவள் பெயரைக் கொடுத்தார். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சோலைக்குக் கிழக்கே அடிவாரத்தில், சீரங்கவலசு என்ற ஊரில், அவருடைய பருத்தித் தோட்டத்தில் களை வெட்டுவாள், பருத்தி எடுப்பாள், வேலையில்லாத நாளில் சோலையில் விறகு பொறுக்கித் தலைச்சுமையாகக் காரமடைக்குக் கொண்டுபோவாள். புருஷன் அங்கப்பன் அதே தோட்டத்தில் பண்ணையாள். அவர்கள் குடியிருந்த குடிசையும் தோட்டத்து மண்ணில்தான் இருந்தது. முதல் கூட்டத்துக்குச் சத்திரத்தில் எட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆண்கள் ஏழு பேருக்கு ஏழு, காட்டுக்கு ஒன்று. மாரியாத்தாளுக்கு யாரும் போடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. வாசற்படி ஓரமாக நின்றாள். கடைசியில் அழகிரிசாமி நோட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி விலகிக்கொள்ள, அவள் குனிந்து கைநாட்டு வைத்தாள். அது எந்தத் தீர்மானம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

“என்ற வெறகுக்கு நானே ரேகை வெச்சுப்போட்டு வந்துட்டனுங்க” என்று வீட்டுக்கு வந்து அங்கப்பனிடம் சொன்னாள்.

“வெக்காட்டி உட்டுருவாங்களாக்கு? போ புள்ள, போய்க் கஞ்சிய ஊத்து” என்றான் அவன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சபை கூடியது. மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வதுபோல இதற்கும் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது கூட்டத்தில், நிற்க முடியாமல் கால் கடுத்த மாரியாத்தாள், தன் பக்கமாக நீண்டிருந்த ஓர் இச்சி மரத்து வேரில் உட்கார்ந்தாள். காடும் ஓர் உறுப்பினர், அதன் வேரில் உட்காருவது அதன் விருப்பம் என்பதால் யாரும் ஆட்சேபிக்க வழியில்லாமல் போயிற்று. சபையில் இருந்ததால் அவள் தெருவுக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம், கூட்டத் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதான். சீரங்கவலசில் ஊர்க் கிணறு இரண்டு இருந்தன, இரண்டிலும் அவள் தெருக்காரர்கள் குடம் இறக்கக் கூடாது. அவர்களுக்குத் தண்ணீர் சோலையின் அடிவாரத்தில் கசிகிற ஊற்றுதான். கூட்டத்துக்காகக் காடு கிளம்பியதும் ஊற்று நின்றுவிடும். காடு திரும்பி அரை மணி கழித்துக் கலங்கலாக வந்து, பின் தெளியும். ஆகவே முந்தின நாளே குடங்களையும் அண்டாவையும் நிறைத்து வைத்தார்கள். 1959 வைகாசிக் கூட்டத்தின்போது இரண்டு ஆடுகள் வெறும் மலையில் ஏறி நின்றுவிட்டன. காடு திரும்பியபின் ஒன்று மூங்கில் புதருக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தது. மற்றது கிடைக்கவே இல்லை. அதே நாளில் மலையில் மண் எடுக்க நிறுத்தியிருந்த, ஊர்க்காரர் கந்தப்பனின் கட்டை வண்டி ஒரு நாவல் மரத்தின் அடிமரத்துக்குள் முக்கால்வாசி போயிருந்தது. ஒரு சக்கரத்தின் பாதி வெளியே தெரிந்தது, பட்டை அதைச் சுற்றி நூறு வருஷமாக வளர்ந்ததுபோல் மூடியிருந்தது. கோடாலியோடு போனவர்கள் முதல் தீர்மானத்தை நினைத்துத் திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் கூட்ட நாளில் யாரும் அந்த மேட்டில் கால் வைப்பதில்லை.

வரதராஜுலு கெட்டவர் என்று அவரை அறிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. தம் ஆலையில் வேலை செய்பவர்களின் கல்யாணத்துக்கு நேரில் போவார், யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் கூனஞ்சோலையை அவருடைய தகப்பனார் நாற்பது வருஷம் குத்தகைக்கு வைத்திருந்தார், ஆலையின் கொதிகலனுக்கு அங்கிருந்துதான் விறகு வந்தது. சோலையைப் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, அதையே பறித்து, அவரையே தலைவராகவும் வைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அவருடைய வக்கீல் ஒரு வழி சொன்னார். காடு இருந்தால்தானே பாதுகாப்பு. அந்த இடம் மரமில்லாத தரிசு என்று அளந்து, போட்டோவும் பிடித்துக் கொடுத்துவிட்டால் உத்தரவு தானாக விழுந்துவிடும், நிலம் பழையபடி கைக்கு வரும். மரமில்லாத நேரம் ஒன்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டுதான் இருந்தது. அதை ஒன்றரை மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரமாக நீட்டிவிட்டால் போதும்.

1960 மாசிக் கூட்டத்தை, காரமடைத் தேருக்கு இரண்டு நாள் முன்னதாக, ஆர்.எஸ்.புரத்தில் தம் வீட்டுக் கூடத்திலேயே வைத்தார். விவாதிக்கப் பதினேழு விஷயங்கள், மதியம் இலை போட்டுச் சாப்பாடு. கூட்டம் செல்லுபடியாக ஆறு உறுப்பினர்கள் வேண்டும். மற்ற உறுப்பினர்களில் கோயில் தர்மகர்த்தா தேர் வேலையில் இருந்தார், மர வியாபாரி அப்துல் நாசர் மலையாளத்துப் பக்கம் போயிருந்தார், பஞ்சாயத்துத் தலைவர்கள் மூவரில் ஒருவருக்கு அம்மை போட்டிருந்தது. கேள்வி கேட்கக்கூடிய ஆட்கள் குறைந்தது நல்லது என்றே வரதராஜுலு நினைத்தார். தாம், செயலாளர், பஞ்சாயத்துத் தலைவர்கள் இருவர், மாரியாத்தாள், காடு. சரியாக ஆறு. இவர்களில் கடைசிவரை இருப்பாள் என்று அவர் துளிக்கூடச் சந்தேகப்படாதது மாரியாத்தாளைப் பற்றித்தான்.

அன்று விடிந்ததும் அங்கப்பன் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தான்.

“எனக்கு இன்னிக்குத் தோட்டத்துல வேலை இல்லியாமா புள்ள. சோலை மேட்டுக்கு வரச் சொல்லிப்போட்டாங்க. சங்கிலி புடிக்கோணுமாமா.”

“எந்தச் சங்கிலிங்க?”

“அளக்கற சங்கிலி. கோயமுத்தூர்ல இருந்து யாரோ சர்வேயரு வாராராமா. போட்டோக்காரரும் வாராரு. பொழுது சாய்ற வரைக்கும் வேலையிருக்குதாமா.”

“இன்னிக்குக் கூட்டமுங்க. வெறும் மேடுதான இருக்கும் அங்க.”

“அதான் அளக்கறாங்களோ என்னமோ” என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு போனான். ஆலை வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்ததால் அவளும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கூட்டம் பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. காடு வந்து கூடத்தின் வடக்குப் பாதியில் நின்றது. மொசைக் தரையில் உதிர்ந்த இலைகள் கிடந்தன, சுவர்க் கடியாரத்தின் மேல் ஓர் அணில் இருந்தது. முதல் விஷயம் சென்ற கூட்டக் குறிப்பைப் படிப்பது. இரண்டாவது, சபையின் பெயர்ப்பலகைக்கு நீலம் அடிப்பதா பச்சை அடிப்பதா என்பது. அதற்கு மட்டும் முக்கால் மணி ஆயிற்று. பஞ்சாயத்துத் தலைவர்களில் ஒருவரான குமாரசாமி பொறுமை இழந்தார்.

“ஏனுங்க, எந்தக் கலரா இருந்தா என்னங்க? பொழுதோட ஊடு போய்ச் சேர வேண்டாமுங்களா?”

“இருங்க குமாரசாமி. பச்சை அடிச்சா மரத்தோட மரமாத் தெரியாமப் போயிருமல்லங்க. நிதானமாப் பேசி முடிவு பண்ணலாமுங்க” என்றார் வரதராஜுலு.

அப்போது டெலிபோன் மணி அடித்தது. காரமடையிலிருந்து அவருடைய தோட்டத்து மேஸ்திரி. வரதராஜுலு எழுந்துபோய் எடுத்து, காட்டின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்க வேண்டுமென்று உரக்கவே பேசினார். பஞ்சாயத்துத் தலைவர்கள் இருவரும் வெற்றிலை போட உள் தாழ்வாரத்துக்குப் போயிருந்தார்கள்; வாசற்படி தாண்டாதவரை அவர்களும் கூட்டத்தில்தான் என்பது செயலாளரின் கணக்கு. கூடத்தில் இருந்தது செயலாளரும் மாரியாத்தாளும்தான். செயலாளருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

“ஒரு மரங்கூட இல்லையல்ல? நாலு பக்கமும் நல்லாப் படம் எடுக்கச் சொல்லு. அவசரம் வேண்டாம், நாலு மணி வரைக்கும் இங்க நான் பாத்துக்கறேன். தரிசுன்னு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் காடு வந்தா என்ன, வராட்டி என்ன. வேரோட வெட்டிறலாம்.”

இச்சி மர வேரில் உட்கார்ந்திருந்த மாரியாத்தாள் அதை ஒரு சொல் விடாமல் கேட்டாள். அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது சோலை அல்ல, ஊற்று. அது நின்றுபோனால் தெருவில் நாற்பது குடும்பம் குடத்தைத் தூக்கிக்கொண்டு எந்தக் கிணற்றடியில் போய் யார் ஊற்றுவார் என்று காத்து நிற்பது? அடுத்தபடியாக, சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெறும் மேட்டில் நிற்கிற அங்கப்பன் ஞாபகம் வந்தான். அதற்கப்புறம் ஆடுகள் இரண்டும், நாவல் மரத்துக்குள் இருந்த வண்டியும். மதியச் சாப்பாட்டுக்கு அவன் கீழே இறங்கி வருவானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். வர மாட்டான், சோறுதான் கையோடு இருக்கிறதே, காலையில் அவளேதான் கட்டிக்கொடுத்தாள். நாலு மணி வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டால் அவன் வந்துவிடுவான், ஊற்று போய்விடும். பஞ்சாயத்துத் தலைவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கடியாரத்தில் பன்னிரண்டரை ஆகியது. அவள் வேரிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து அழகிரிசாமியைக் கூப்பிட்டாள். இரண்டாம் முறை உரக்கக் கூப்பிட்டபோதுதான் அவர் திரும்பினார்.

“ஏனுங்க வாத்தியாருங்க, ஆறு பேரு இருக்கோணும்னு சொன்னீங்கல்ல. அஞ்சாப் போச்சுன்னா என்னங்க ஆகும்?”

“கூட்டம் கலைஞ்சுபோச்சுன்னு அர்த்தம் அம்மணி. எழுதக்கூட வேண்டியதில்லை. ஏன் கேக்கறே?”

அவள் எழுந்து நின்றாள். இன்றுவரை யாராவது போகச் சொல்லித்தான் ஓர் இடத்திலிருந்து போயிருக்கிறாள், அதனால் எழுந்ததும் கால்கள் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றன.

“என்ன மாரி, தண்ணி வேணுமா? பின்னால கேளு, ஊத்துவாங்க” என்றார் வரதராஜுலு.

“வேண்டாமுங்க. நான் போயிட்டு வாரனுங்க.”

“எங்க போறே? கூட்டம் முடியலியே.”

“எனக்கு முடிஞ்சுதுங்க.”

வரதராஜுலுவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவர் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தினார். “உக்காரு மாரி. உன்ற புருசன் இப்ப எங்க நிக்கறான்னு தெரியுமல்ல?”

“தெரியுமுங்க” என்று சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டினாள்.

தாண்டிய வரைக்கும் முதுகில் பட்டுக்கொண்டிருந்த குளிர்ச்சி, தாண்டியதும் இல்லை. உள்ளே சில்வண்டுச் சத்தம் நின்று கடியாரத்தின் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் வெயிலில் நடந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறினாள். வழியெல்லாம் தேருக்குப் போகிற கூட்டம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தேருக்கா என்று கேட்டாள்; மாரியாத்தாள் எட்டி மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு அவள் மலையடிவாரத்தை அடைந்தபோது சோலை மறுபடி மேட்டில் நிறைந்து நின்றது. சர்வேயர் ஒரு வேங்கை மரத்தின் கவட்டில், நாற்பதடி உயரத்தில், நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காயம் ஒன்றுமில்லை. தாம் நின்ற இடத்தில் மரம் வந்தது, வரும்போது தம்மையும் தூக்கிக்கொண்டது என்று சொன்னார். கயிறு கட்டி இறக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இறங்குவதற்கு முன்பே, மரங்கள் இருப்பதால் அளக்க முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். போட்டோக்காரர் புதருக்குள்ளிருந்து சட்டை கிழிந்து வந்து சேர்ந்தார். அவர் எடுத்திருந்த பன்னிரண்டு படங்களிலும் கழுவிப் பார்த்தபோது அடர்ந்த காடுதான் இருந்தது. அளவுச் சங்கிலியின் இரண்டு முனைகள் ஒரு தடித்த மரத்தின் இரண்டு பக்கமும் வெளியே தொங்கின. அதில் ஒரு முனையைப் பிடித்திருந்த அங்கப்பனைக் காணவில்லை.

அன்று இருட்டும் வரைக்கும், மறுநாள் முழுக்கவும் மாரியாத்தாள் சோலைக்குள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் தேர். ஊரில் ஒரு ஜனம் இல்லை, எல்லோரும் காரமடைக்குப் போய்விட்டார்கள். உச்சி வெயிலில் அவள் ஊற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது அங்கப்பன் மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு வந்தான். கடப்பாரை இல்லை. தலைமயிரிலும் காது மடலிலும் பச்சைப் பாசி பிடித்திருந்தது. குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வெகுநேரம் குடித்தான்.

“எங்கீங்க இருந்தீங்க?” என்றாள் அவள்.

“எங்கயும் போகல. நின்ன எடத்துலயேதான் நின்னேன். மூணு மரம் சுத்தியும் வந்து ஒட்டி நின்னுச்சு. அதுக கொஞ்சங் கொஞ்சமா நவுந்து வழி உடறதுக்கு இத்தன நேரமாயிருச்சு.” அவன் அவளைப் பார்த்தான். “நான் அங்க நிக்கறேன்னு உனக்குத் தெரியுமல்ல?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுதான் எந்திரிச்சியா?”

“தெரிஞ்சுதானுங்க.”

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னால் நடந்தான். பதினோரு நாள் அவளிடம் பேசவில்லை. அந்தப் பதினோரு நாளுக்குள் பண்ணையில் அவர்கள் இருவருக்கும் வேலை போயிற்று, குடிசையின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். தெருமுனையில் ஒரு வேப்ப மரத்தடியில் சட்டிப் பானையோடு கிடந்தபோது, பன்னிரண்டாம் நாள் காலையில் அங்கப்பன், “ஊத்துல தண்ணி நல்லாத் தெளிஞ்சிருச்சு புள்ள” என்றான். அவள், “நானும் பாத்தனுங்க” என்றாள். அதைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

சோலை இடம் மாறியிருந்தது தெரியவந்தது அந்த வாரத்தில்தான். கூட்டம் நடுவில் கலைந்த அவசரத்தில் காடு எண்பதடி கிழக்கே தள்ளி வந்து இறங்கியிருந்தது. கிழக்கில் வரதராஜுலுவின் பருத்தித் தோட்டத்தில் எண்பதடி அகலம் சோலைக்குள் போய்விட்டது. மேற்கில் அதே அளவு நிலம், ஒன்றரை மைல் நீளத்துக்கு, மரமில்லாமல் திறந்து கிடந்தது. அதற்கு எந்தப் புத்தகத்திலும் சர்வே எண் இல்லை. ஏனென்றால் காடு இருக்கிற இடம்தான் கூனஞ்சோலை என்று உத்தரவில் எழுதியிருந்தது. காடு இல்லாத இடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அழகிரிசாமி உத்தரவை நாலு தரம் படித்துப் பார்த்துவிட்டு, அந்தத் துண்டு யாருக்கும் சொந்தமில்லை, ஆகையால் யாரையும் அங்கிருந்து போகச் சொல்ல முடியாது என்று சொன்னார். மாரியாத்தாளும் அங்கப்பனும் முதலில் அங்கே கூரை போட்டார்கள். பங்குனி முடிவதற்குள் பதினான்கு குடும்பங்கள் வந்துவிட்டன.

சோலைக்குள் அகப்பட்ட பருத்தி பங்குனியில் மரங்களுக்கிடையில் வரிசை தப்பாமல் வெடித்து வெளுத்தது. வரதராஜுலுவால் அதில் ஒரு காயைக்கூட எடுக்க முடியவில்லை. முதல் தீர்மானம் அவரையும் சேர்த்துத்தான் தடுத்தது. அதைத் திருத்த வைகாசியில் அவரே சபையைக் கூட்டினார். முதல் கூட்டத்துக்குப் பிறகு ஒன்பது உறுப்பினர்களும் வந்த கூட்டம் அதுதான். அன்று மாரியாத்தாளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், அவள் பழக்கத்தில் வேரிலேயே உட்கார்ந்துகொண்டாள். பருத்தியை எடுக்க அனுமதிக்கலாமா என்று தலைவர் கேட்டார். மாரியாத்தாள் எழுந்து நின்றாள்.

“பருத்திய எடுத்துக்கட்டுமுங்க, நாங்களே வந்து எடுத்தும் குடுக்கறோமுங்க. காஞ்ச வெறகப் பொறுக்க எங்களுக்கும் வாரத்துல ரெண்டு நாளு உடோணுமுங்க. பச்ச மரத்தத் தொடமாட்டோம். ரெண்டையும் ஒண்ணா எழுதுனா ரேகை வெக்கறனுங்க.”

அப்துல் நாசர் அது நியாயம் என்றார். குமாரசாமி தலையை ஆட்டினார். வரதராஜுலு, “ரெண்டையும் ஒண்ணாவே எழுதிக்குங்க வாத்தியாரே” என்றார். எட்டுப் பேரும் ஒப்புக்கொண்டார்கள். காடு அன்றும் கருத்துத் தெரிவிக்கவில்லை. நோட்டைத் தரையில் வைக்காமல் மேஜை மேலேயே விட்டிருந்தார் அழகிரிசாமி, மாரியாத்தாள் போய் மற்றவர்கள் கையெழுத்துக்குக் கீழே கட்டைவிரலை வைத்தாள். அவளுக்கும் அங்கப்பனுக்கும் பண்ணையில் மறுபடி வேலை கிடைக்கவில்லை. இரண்டு நாள் விறகிலும், துண்டு நிலத்தில் விதைத்த சோளத்திலும், நாசரின் மரக் கிடங்கில் கிடைத்த வேலையிலும் சமாளித்தார்கள்.

1963இல் பிழை திருத்திய உத்தரவு வந்தது. உண்மையான ஃபாரஸ்ட் ஆபீசர் ஒருவர் வந்து உறுப்பினராக உட்கார்ந்தார். காட்டை நீக்குவதாக அந்த உத்தரவில் சொல்லாததால் அதற்கும் வழக்கம்போல அறிவிப்பு போயிற்று, அதுவும் வழக்கம்போல வந்தது. முதல் கூட்டத்தில் ஆபீசர் கொஞ்சம் திகைத்தார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொசு கடிக்காமலிருக்க முழுக்கால் சட்டை போட்டு வந்தார். மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டர்கள், “இன்னிக்குச் சோலை கோயமுத்தூர் போயிருக்குதுங்க, மேக்கால வெறும் மேட்டுச் சூடு அடிக்கும், இந்தப் பக்கம் வந்து உக்காருங்க” என்று பயணிகளிடம் சொல்வது வழக்கமாயிற்று.

அங்கப்பன் மட்டும் கூட்ட நாளில் வீட்டில் இருக்க மாட்டான். “வெறும் மேட்டப் பாத்துக்கிட்டு இன்னொருக்கா நிக்க மாட்டேன் புள்ள” என்று சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்கே சோலைக்குள் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். மாரியாத்தாள் பஸ்ஸில் போவாள், அவன் காட்டோடு வருவான். சபை பேசிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். மரங்களுக்கு நடுவில் அவன் துண்டை விரித்துப் படுத்திருப்பது தெரியும். பார்த்தபின் முன்னால் திரும்பிக்கொண்டு அடுத்த விஷயத்தைக் கேட்பாள். கூட்டம் முடிந்ததும் காட்டோடு அவன் அந்த நொடியே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். இரண்டு மணி நேரம் கழித்து அவள் பஸ் இறங்கி நடந்து வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், உலையில் சோளச் சோறு வெந்துகொண்டிருக்கும்.